டீசல் டிரக்கில் புரொப்பேன்: ஜெட்டை எந்த அளவில் நிறுத்துவது

டீசல் எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்றோடு கொஞ்சம் புரொப்பேன் வாயுவைக் கலந்துவிட்டால் இழுவை கூடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் டிரெய்லர் கட்டிக்கொண்டு மலையேறும் பிக்கப் டிரக்குகளில் இதைப் பல வருடமாகச் செய்துவருகிறார்கள். கிட்டை வாங்கி மாட்டுவது பெரிய வேலை இல்லை. ஜெட்டுக்கு, அதாவது வாயு பீறிடும் சின்னத் துளைக்கு, அளவு வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதில் கோட்டைவிட்டால் பிஸ்டன் போகும், ஹெட் கேஸ்கெட் போகும், அதற்கு மேலும் போகும்.

பேச்சு பொதுவாகப் போய்விடக் கூடாது என்பதால் ஒரே எஞ்சினை வைத்துக்கொள்வோம். 1994 முதல் 1998 வரை டாட்ஜ் ராமில் வந்த 5.9 லிட்டர், 12 வால்வு கம்மின்ஸ். டீசலைப் பீய்ச்சுவது பி7100 பம்ப், கம்ப்ரஷன் 17.5:1, கம்பெனி கொடுத்த திறன் மாடலைப் பொறுத்து 160 முதல் 215 குதிரைத்திறன் வரை. டீசலை அளப்பது முழுக்க மெக்கானிக்கல். நாம் கூடுதலாக வாயு விட்டால் அதைக் கண்டுபிடித்து டீசலைக் குறைக்கக் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. திருத்த வேண்டியது நாம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

"புரொப்பேன் 470 டிகிரி செல்சியஸில்தான் தானாகப் பற்றும், டீசல் 210-லேயே பற்றிவிடும், அதனால் டீசல் பீய்ச்சும் வரை புரொப்பேன் சும்மா இருக்கும்" என்று கிட் விற்பவர்கள் சொல்வார்கள். பாதிதான் சரி. டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி 50 டிகிரியில் வரும் காற்று, சிலிண்டருக்குள் சூடான சுவர்களில் பட்டு இன்னும் கொஞ்சம் சூடேறி, 17.5 மடங்கு அமுங்கும்போது 600 டிகிரியைத் தாண்டிவிடும். 470 என்பது அதற்கு எப்போதோ கீழே போய்விட்டது. ஆனாலும் புரொப்பேன் முன்கூட்டியே வெடிக்காமல் இருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று நேரம்: அந்த வெப்பத்தில் அது இருப்பது சில மில்லி விநாடிகள். இன்னொன்று நீர்ப்பு: காற்றில் வாயுவின் பங்கு மிகக் குறைவு.

இந்த இரண்டாவது காரணத்தைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானே விளங்கும். சாதாரண வெப்பநிலையில் காற்றில் புரொப்பேன் 2.1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தீ அதில் பரவாது. சிலிண்டருக்குள் இருக்கும் சூட்டில் அந்த எல்லை ஏறத்தாழ பாதியாக இறங்கிவிடும். நாம் விடுவது அதற்கும் நன்றாகக் கீழே, அரை சதவீதம் பக்கத்தில் இருக்கும்வரை, டீசல் பீய்ச்சிய இடத்தைச் சுற்றியிருக்கும் புரொப்பேன் அந்தத் தீயோடு சேர்ந்து எரியும். எரிப்பு கொஞ்சம் வேகமாகும், அவ்வளவுதான். அளவு கூடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சிலிண்டர் முழுவதும் ஒரே நேரத்தில் பற்றும். அழுத்தம் திடீரென ஏறுவது, நாக்கிங் (கட்டுக்கடங்காத எரிப்பின் தட்டல்), உடையும் ரிங் லேண்ட் (பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு) எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

ஆகவே ஜெட்டின் அளவைக் குதிரைத்திறனை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எஞ்சினுக்குள் போகும் காற்றை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காற்றுக் கணக்கு

5.9 லிட்டர், 2000 ஆர்பிஎம், பூஸ்ட் (டர்போ காற்றை அமுக்கித் தரும் கூடுதல் அழுத்தம்) 20 பிஎஸ்ஐ, இன்டர்கூலருக்குப் பின் 50 டிகிரி. இந்த நிலையில் எஞ்சின் விழுங்கும் காற்று விநாடிக்குச் சுமார் 225 கிராம். பாரத்தோடு ஏறும்போது காற்றும் டீசலும் 25:1 என்று வைத்தால் டீசல் விநாடிக்கு 9 கிராம், அதாவது சுமார் 390 கிலோவாட் எரிபொருள் ஆற்றல். இதில் 20 சதவீதத்துக்குச் சமமான புரொப்பேன் வேண்டுமென்றால் விநாடிக்கு 1.65 கிராம், நிமிடத்துக்கு 100 கிராம். காற்றில் அதன் பங்கு கனஅளவில் அரை சதவீதம்.

உள்பாகங்கள் எதையும் மாற்றாத எஞ்சினுக்கு 20 சதவீதத்தை நான் உச்சவரம்பாக வைப்பேன். தினமும் ஓட்டும் வண்டிக்கு 10 முதல் 15 சதவீதம் போதும். 14 சதவீதம் என்றால் சக்கரத்துக்கு வரும் முன் எஞ்சினில் கூடுவது 25 குதிரைத்திறன் பக்கம். விளம்பரத்தில் பார்க்கும் எண்களைவிட இது சிறிதுதான். ஆனால் 7 சதவீத ஏற்றத்தில் டிரெய்லரோடு ஒரு கியர் இறக்காமல் ஏற இது போதுமானது.

கரும்புகை அடிக்கும் வண்டியில் கணக்கே வேறு. பம்ப்பைத் திருகி டீசலைக் கூட்டி, காற்று டீசல் விகிதம் 18:1-க்கு வந்த எஞ்சினில், டீசலே கிட்டத்தட்ட 80 சதவீதக் காற்றைத் தின்றுவிடுகிறது. மேலே சொன்ன 100 கிராம் புரொப்பேனும் சேர்ந்தால் மிச்சம் 10 சதவீதத்துக்கும் குறைவு. அங்கே புரொப்பேன் புகையைக் குறைக்காது, எக்ஸாஸ்ட் வெப்பத்தைத்தான் ஏற்றும். அப்படிப்பட்ட வண்டியில் முதல் வேலை பம்ப்பின் மேலிருக்கும் ஏஎஃப்சியின் (பூஸ்டைப் பார்த்து டீசலை அளவிடும் பாகம்) நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, பூஸ்ட் வரும்வரை டீசலைக் கட்டுப்படுத்துவது. புகை வெளிர் சாம்பல் நிறத்துக்கு வந்த பிறகுதான் புரொப்பேனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

என்னென்ன வேண்டும்

டேங்க், வாகன எரிபொருளுக்கென்று முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்டில் பயன்படும் 33 பவுண்டு, அதாவது 15 கிலோ சிலிண்டரைப் பலர் வைக்கிறார்கள். படுக்கவைத்துப் பயன்படுத்தும் இந்தச் சிலிண்டரின் வளையத்தில் ஒரு துளை இருக்கும். தாங்கியில் உள்ள ஊசி அந்தத் துளையில் உட்காரும்படி வைத்தால்தான் ரிலீஃப் வால்வு மேலே வாயுப் பகுதியில் இருக்கும். திருப்பி வைத்துவிட்டால் வெயிலில் வால்வு திறக்கும்போது வெளியே வருவது திரவமாக இருக்கும். எந்த டேங்க்கிலும் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. பார்பிக்யூ சிலிண்டரை வண்டியில் கட்டி ஓட்டுகிறவர்களும் உண்டு. அது சட்டத்துக்கும் புத்திக்கும் ஒத்துவராத வேலை.

டேங்க்கிலிருந்து திரவமாக எடுத்தால், சுற்றிவரும் எஞ்சின் கூலன்ட்டின் சூட்டில் அதை வாயுவாக்கும் வேப்பரைசர் கட்டாயம். 100 கிராம் ஓட்டத்துக்கே சுமார் 600 வாட் வெப்பம் தேவை. வாயுவாகவே எடுக்கலாம் என்றால், அந்த வெப்பத்தை டேங்க் தன்னுள் இருக்கும் திரவத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். திரவம் குளிர்ந்து அழுத்தம் இறங்கும், டேங்க் வெளியே பனி பூத்து நிற்கும். கோடையில் சின்ன ஜெட்டுக்கு இது ஓடும். நீண்ட ஏற்றத்துக்கு வேப்பரைசர்தான் நல்லது.

அடுத்தது, கரன்ட் வந்தால் மட்டும் திறக்கும் இரண்டு சோலனாய்டு வால்வுகள்: ஒன்று டேங்க் அருகே, இன்னொன்று வாயுவை இன்டேக் குழாயில் விடும் நாசிலுக்கு எவ்வளவு பக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு பக்கமாக. திரவம் ஓடும் குழாயில் இரண்டு அடைப்புகளுக்கு நடுவே எங்கெல்லாம் திரவம் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டோ அங்கெல்லாம் ஹைட்ரோஸ்டேடிக் ரிலீஃப் வால்வு வேண்டும். அடைபட்ட திரவம் சூடாகி விரிந்தால் ஹோஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஹோஸ் 350 பிஎஸ்ஐ வேலை அழுத்தம் என்று அச்சிட்ட எல்பி கேஸ் ஹோஸ். திரெட்டுகளுக்கு எல்பிஜிக்கு ஏற்ற பேஸ்ட் போடுங்கள். டெஃப்லான் டேப்பின் நார் ஒன்று பிய்ந்து போய் சோலனாய்டு இருக்கையில் உட்கார்ந்தால் அந்த வால்வு பிறகு முழுதாக மூடாது.

ரெகுலேட்டரில்தான் பலர் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். டேங்க் அழுத்தத்தை நேரே ஜெட்டுக்கு விடும் மலிவான அமைப்புகள் உண்டு. புரொப்பேனின் அழுத்தம் 0 டிகிரியில் சுமார் 54 பிஎஸ்ஐ, 20 டிகிரியில் 107, 40 டிகிரியில் 184. வளிமண்டல அழுத்தத்தையும் கூட்டிப் பார்த்தால், குளிர்காலத்தில் அளவு வைத்த அதே ஜெட் கோடை மதியத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வாயுவைக் கொட்டும். ஜனவரியில் அருமையாக ஓடிய வண்டி ஜூலையில் பிஸ்டனை உருக்குவதற்கு வேறு மர்மம் எதுவும் தேவையில்லை.

வேண்டியது பூஸ்டைப் பார்த்து அழுத்தத்தை ஏற்றும் ரெகுலேட்டர். டயஃப்ரத்தின் மேற்புறத்துக்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சின்னக் குழாய் வரும். அடிப்படை அழுத்தம் 5 பிஎஸ்ஐ என்று வைத்தால், பூஸ்ட் 8-ல் வெளியே 13, பூஸ்ட் 20-ல் வெளியே 25. இதன் அழகு என்னவென்றால், பூஸ்ட் 8-லிருந்து 20-க்குப் போகும்போது ஒரே ஆர்பிஎம்மில் காற்று சுமார் 1.5 மடங்கு கூடுகிறது, வாயுவும் 1.4 மடங்கு கூடுகிறது. விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே அதே 20 பிஎஸ்ஐ பூஸ்டில் காற்று கடல் மட்டத்தைவிட சுமார் 14 சதவீதம் குறைவு. வாயுவும் அதே அளவுக்குத் தானாகவே குறையும். ஆனால் டீசல் குறையாது, ஏனென்றால் ஏஎஃப்சி பூஸ்டை மட்டுமே பார்க்கிறது. உயரத்தில் எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் டீசல் பக்கம்தான் இருப்பார்.

நாசில் ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே, டர்போ வாயிலிலிருந்து 15 முதல் 30 சென்டிமீட்டர் முன்னால், குழாயின் நடுவில். கம்ப்ரஸர் சக்கரமே கலக்கிவிடும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் ஆறு சிலிண்டருக்கும் சமமாகப் போகும் என்று சொல்ல முடியாது.

எக்ஸாஸ்ட் வெப்பத்தை அளக்கும் பைரோமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. அதன் முனை டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருக்க வேண்டும். டர்போவைத் தாண்டி வைத்த முனை பாரத்தில் பல நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வரை குறைத்துக் காட்டக்கூடும்.

வயரிங்கில் வைக்க வேண்டிய பூட்டுகள்

சோலனாய்டுக்குப் போகும் 12 வோல்ட் வரிசையாகப் பல சுவிட்சுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். அதில் ஒன்று கரன்ட்டைத் துண்டித்தாலும் வாயு நிற்க வேண்டும். சாவியை மட்டும் நம்பக் கூடாது. ஆயில் பிரஷர் சுவிட்ச் சேர்த்தால்தான் எஞ்சின் உண்மையில் சுற்றும்போது மட்டும் வாயு வரும். கூலன்ட் சூடாகும்வரை தடுக்க ஒரு டெம்பரேச்சர் சுவிட்ச். பிறகு பூஸ்ட் சுவிட்ச். அதோடு ஆக்சிலரேட்டரில் ஒரு மைக்ரோ சுவிட்ச்.

மைக்ரோ சுவிட்சைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேனுவல் கியர் வண்டியில் காலை எடுத்துக் கியர் மாற்றும் அந்த ஒரு நொடியில் டீசல் நின்றுவிடும், ஆனால் மேனிஃபோல்டில் பூஸ்ட் இன்னும் இருக்கும், பூஸ்ட் சுவிட்ச் மூடியே இருக்கும், அதாவது கரன்ட்டை விட்டுக்கொண்டே இருக்கும். வாயு எரியாமல் அப்படியே எக்ஸாஸ்டுக்குள் போய் அங்கே சூட்டில் வெடிக்கும். எக்ஸாஸ்டை அடைத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைத்திருப்பவர்கள் அதிலிருந்தும் ஒரு தடுப்பு எடுக்க வேண்டும்.

12 வால்வு கம்மின்ஸில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இன்டேக்கின் வாயிலேயே, காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டர் உண்டு. குளிரில் ஸ்டார்ட் ஆன பிறகும் அது கொஞ்ச நேரம் விட்டுவிட்டுச் சிவக்கும். சிவந்த கம்பிச் சுருளின் மேல் புரொப்பேன் கலந்த காற்றை விடுவது எதற்குச் சமம் என்று விளக்க வேண்டியதில்லை. ஹீட்டர் ரிலேயில் கரன்ட் வரும்போது புரொப்பேன் ரிலே துண்டிக்கும்படி ஒரு இன்டர்லாக் போடுங்கள். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேக்கு இதே எஞ்சினில் ஏன் எச்சரிக்கை எழுதியிருக்கிறார்களோ அதே காரணம்தான் இதற்கும்.

கடைசியாக, பைரோமீட்டரோடு இணைந்த ஒரு கட்-ஆஃப் ரிலே. 1250 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 677 செல்சியஸில் வாயுவை நிறுத்தும்படி வையுங்கள். அலுமினியம் பிஸ்டனுக்குத் தொடர்ந்து தாங்கும் எல்லை அதுதான். ஃபியூஸ் 10 ஆம்பியர், சோலனாய்டு சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு, டிரைவர் கையெட்டும் தூரத்தில் ஒரு மெயின் சுவிட்ச்.

அளவு வைக்கும் வரிசை

முதலில் டீசலில் மட்டும் எஞ்சின் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வால்வு இடைவெளி இன்டேக் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.020 அங்குலம். இன்டர்கூலரின் ரப்பர் இணைப்புகளில் காற்றுக் கசிவு இருக்கவே கூடாது, ஏனென்றால் இனிமேல் அதில் போவது வெறும் காற்று இல்லை. இன்ஜெக்‌ஷன் டைமிங்கை, அதாவது டீசல் பீய்ச்சும் கணத்தை, 18 டிகிரி பக்கம் ஏற்றி வைத்திருந்தால் கம்பெனி அளவுக்கு அருகே திரும்பக் கொண்டுவாருங்கள். புரொப்பேன் எரிப்பை வேகப்படுத்துகிறது. டைமிங்கும் முந்தியிருந்தால் அழுத்த உச்சம் பிஸ்டன் மேலே வரும்போதே வந்துவிடும், அந்த உதையை வாங்குவது ஹெட் கேஸ்கெட். பிறகு வழக்கமான பாரத்தோடு, தெரிந்த ஓர் ஏற்றத்தில், ஒரே கியரில் பூஸ்ட், எக்ஸாஸ்ட் வெப்பம், ஆர்பிஎம், புகையின் நிறம் நான்கையும் எழுதி வையுங்கள். இந்தக் காகிதம் இல்லாமல் பின்னால் எதையும் ஒப்பிட முடியாது.

ரெகுலேட்டரைப் புரொப்பேன் வைத்துத் திருகாதீர்கள். ஒர்க்‌ஷாப் கம்ப்ரஸரிலிருந்து 100 பிஎஸ்ஐ உலர்ந்த காற்றை டேங்க் பக்கம் கொடுத்து, சோலனாய்டைத் திறந்து, ஜெட் வழியே காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது திருகை 5 பிஎஸ்ஐக்கு வையுங்கள். ஓட்டம் நின்றபின் முள் 6 அல்லது 7 காட்டினால் பயப்பட வேண்டாம், ரெகுலேட்டரின் இயல்பு அது. ஆனால் மூடிய பிறகும் முள் மெல்ல ஏறிக்கொண்டே போனால் உள்ளே இருக்கை கசிகிறது, மாற்ற வேண்டும். அடுத்து பூஸ்ட் குழாய் வரும் துளையில் கைப்பம்ப்பால் 20 பிஎஸ்ஐ கொடுத்து, வெளியே 25 வருகிறதா என்று பாருங்கள். பூஸ்ட் சுவிட்சையும் இதே கைப்பம்ப், ஒரு மல்ட்டிமீட்டர் வைத்து 7 அல்லது 8 பிஎஸ்ஐயில் மூடும்படி கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி வைக்கலாம். 5-க்குக் கீழே வைத்தால் சமவெளியில் சாதாரணமாகப் போகும்போதே வாயு வந்து போய் வந்து போய் வண்டி உதறும். அங்கே காற்றும் குறைவு, டீசலும் குறைவு, கலவை மோசமாக எரிந்து பச்சை வாயு வாசனை பின்னால் வரும்.

இதற்குப் பிறகுதான் புரொப்பேனை இணைப்பது. திறந்த வெளியில், ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். தரையில் தவழ்ந்து குழியில் தேங்கும். இன்ஸ்பெக்‌ஷன் குழி, நிலத்தடி கராஜ் இரண்டுமே இந்த வேலைக்கு ஆகாது.

முதல் ஜெட் 1.2 மில்லிமீட்டர். வெளியழுத்தம் 25 பிஎஸ்ஐயில் அது நிமிடத்துக்குச் சுமார் 40 கிராம் விடும், மேலே சொன்ன கணக்கில் 8 சதவீதம். 1.4 போட்டால் 54 கிராம், 1.6 என்றால் 70, 1.8 என்றால் 89, 1.9 என்றால் 100. விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஓட்டம் கூடுகிறது என்பதை மறந்துவிடுகிறவர்கள்தான் 1.2-லிருந்து நேரே 2.0-க்குத் தாவி இருமடங்குக்கும் மேல் விட்டுவிடுகிறார்கள். 0.2-க்கு மேல் ஒரு படி வைக்காதீர்கள். ஜெட்டை நீங்களே துளைத்தால் உள் விளிம்பில் பிசிர் இல்லாமல் எடுங்கள். பிசிர் ஓட்டத்தைக் குறைத்துக் காட்டும், அது உதிர்ந்த அன்று அளவு மாறிவிடும்.

ஒவ்வொரு ஜெட்டையும் சோதிக்க வேண்டிய இடம் எது என்பதில் பெரிய தவறு நடக்கிறது. 2500 ஆர்பிஎம்மில் பறக்கும்போது எல்லா ஜெட்டும் நன்றாகத்தான் இருக்கும், காற்று அவ்வளவு போகிறது. ஆபத்து இருப்பது 1600 ஆர்பிஎம்மில், உயர்ந்த கியரில், முழு பூஸ்டில் எஞ்சின் முக்கிக்கொண்டு ஏறும்போது. 2000-ல் 20 சதவீதமாக இருந்த அதே வாயு அங்கே 25 சதவீதம் ஆகிவிடும், எரிப்புக்குக் கிடைக்கும் நேரமும் கூடுதல். அந்த நிலையில் அரை நிமிடம் தாக்குப்பிடிக்கும் ஜெட்டை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான். சரியான படியில் பூஸ்ட் ஒன்று அல்லது இரண்டு பிஎஸ்ஐ கூடும், அதே வேகத்துக்கு ஆக்சிலரேட்டர் குறைவாகப் போதும், எக்ஸாஸ்ட் வெப்பம் முன்பு எழுதி வைத்ததிலிருந்து 30 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கும். அடுத்த படியில் பூஸ்ட் கூடாமல் வெப்பம் மட்டும் ஏறினால், முந்தைய ஜெட்தான் உங்கள் ஜெட். சத்தத்தையும் கேளுங்கள். டீசலின் வழக்கமான தட்டல் ஒரு மாதிரி இருக்கும். அதன்மேல் தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு கூரான சலசலப்பு கேட்டால் உடனே மெயின் சுவிட்சை அணையுங்கள், ஏற்றம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, பக்கத்தில் சுவரோ பாறையோ இருக்கும் சாலையில் போனால் இந்த வித்தியாசம் தெளிவாகக் காதில் விழும்.

உண்மையில் எவ்வளவு போகிறது என்று உறுதிசெய்ய எளிய வழி உண்டு. சோலனாய்டு வயரில் திறந்திருக்கும் நேரத்தை எண்ணும் ஒரு மீட்டரை இணையுங்கள், டேங்க்கைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். 12 நிமிடம் திறந்திருந்து 840 கிராம் குறைந்திருந்தால் நிமிடத்துக்கு 70. கணக்கும் தராசும் 15 சதவீதத்துக்கு மேல் முரண்பட்டால் கசிவையோ ரெகுலேட்டரையோ தேடுங்கள்.

எங்கே கெடும், ஏன் கெடும்

வாயு திறந்த முதல் நொடியில் மட்டும் வண்டி துள்ளிவிட்டு அடங்கினால், ரெகுலேட்டருக்கும் நாசிலுக்கும் இடையே ஹோஸ் நீளம் அதிகம் என்று பொருள். மூடியிருக்கும்போது அதில் அழுத்தம் தேங்கி, திறந்ததும் ஒரேயடியாகப் போகிறது. இரண்டாவது சோலனாய்டை நாசிலுக்கு அருகே நகர்த்தினால் சரியாகிவிடும்.

ஐந்து நிமிடம் நன்றாக இழுத்துவிட்டுப் பிறகு பலம் குறைந்தால் வேப்பரைசரைத் தொட்டுப் பாருங்கள். பனி படிந்திருந்தால் கூலன்ட் ஓட்டம் போதவில்லை. பெரும்பாலும் ஹீட்டர் ஹோஸில் காற்று அடைத்திருக்கும், அல்லது வேப்பரைசரை ரேடியேட்டரின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டியிருப்பார்கள். கடுங்குளிரில் மட்டும் பலம் குறைந்தால் அது பழுது இல்லை. மைனஸ் 20 டிகிரியில் டேங்க்கின் அழுத்தமே 20 பிஎஸ்ஐ சொச்சம்தான், வேப்பரைசரால் அதைக் கூட்ட முடியாது. ஜெட்டைப் பெரிதாக்கி இதைச் சரிசெய்ய நினைத்தால் வெயில் வந்ததும் அதற்கு விலை கொடுக்க நேரிடும்.

எஞ்சின் நின்ற பிறகு ஏர் ஃபில்டர் பக்கம் வாசனை வந்தால் விளையாட்டு இல்லை. சோலனாய்டு கசிந்து இன்டேக் குழாயும் இன்டர்கூலரும் வாயுவால் நிரம்பியிருக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரே வெடியில் ரப்பர் இணைப்புகள் பறக்கலாம், கனெக்டிங் ராடு வளையலாம். டேங்க் வால்வை மூடி, பைப்பைக் கழற்றி, காற்றோட்டம் கொடுத்த பிறகே சாவியைத் தொடுங்கள். கசிவுக்குப் பொதுக் காரணம் புரொப்பேனோடு வரும் எண்ணெய் போன்ற கனமான கசடு. அது வேப்பரைசரின் அடியிலும் வால்வு இருக்கையிலும் சேரும். வேப்பரைசரின் வடிகால் திருகை ஆயில் மாற்றும்போதெல்லாம் திறந்து வடித்துவிடுங்கள், ஃபில்டரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாங்கும்போது எச்டி-5 தரம் கேளுங்கள். அதில் குறைந்தது 90 சதவீதம் புரொப்பேன், புரொப்பிலீன் 5 சதவீதத்துக்குள்.

சாவியை அணைத்தும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால், திறந்தபடி சிக்கிய சோலனாய்டு வழியே அது புரொப்பேனில் ஓடுகிறது. டீசலை நிறுத்துவதால் பயன் இல்லை. கையால் மூடும் டேங்க் வால்வு அந்த நேரத்தில் எட்ட வேண்டும். டேங்க்கைப் பின்படுக்கையில் சாமான்களுக்கு அடியில் புதைத்து வைக்கக் கூடாது என்பது இதற்காகத்தான்.

காசும் சட்டமும்

மைலேஜ் இரட்டிப்பானது என்று சொல்கிறவர்கள் புரொப்பேன் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல், ஒரு லிட்டர் புரொப்பேனில் 24-க்கும் சற்றுக் குறைவு. புரொப்பேனின் விலை டீசலில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இருந்தால்தான் காசு மிச்சம். இழுவைக்காக வைப்பவர்கள் வைக்கட்டும், சிக்கனத்துக்காக என்றால் முதலில் கணக்குப் போடட்டும். 15 கிலோ டேங்க், நிமிடத்துக்கு 60 கிராம் என்றால் வால்வு திறந்திருக்கும் நேரம் நான்கு மணி நேரம் வரும்.

அமெரிக்காவில் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பாதிக்கும் மாற்றங்களுக்குக் கூட்டரசுத் தூய காற்றுச் சட்டம் தடை வைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் அந்த மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் இல்லாத கிட்டை மாட்ட முடியாது. 2007-க்குப் பிறகு வந்த, எக்ஸாஸ்டில் துகள் வடிகட்டி உள்ள வண்டிகளில் எரியாத புரொப்பேன் வினையூக்கியில் போய் எரிந்து வெப்பத்தை ஏற்றும். அந்த வண்டிகளை விட்டுவிடுவதே மேல் என்பது என் எண்ணம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இங்கே சமையல் சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. பியூட்டேனின் ஆக்டேன் குறைவு, அதனால் அதே அளவில் நாக்கிங் முன்னதாகவே வரும். அது கொதிப்பது மைனஸ் 0.5 டிகிரியில், புரொப்பேனோ மைனஸ் 42-ல். ஆகவே அழுத்தமும் வேறு, மேலே உள்ள ஜெட் கணக்கு எதுவும் பொருந்தாது. வீட்டுச் சிலிண்டரை வாகனத்தில் பயன்படுத்துவது குற்றம். அனுமதி இல்லாமல் வண்டியின் எரிபொருள் முறையை மாற்றுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது.